ஆடி வெள்ளியும் ஒரு சம்பளப் பேச்சும்

1

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் என் முதலாளியம்மா சொன்ன ஒரு விஷயம் என் விடுமுறை மொத்தத்தையும் தின்று ஏப்பம் விட்டது. திட்டு எதுவும் இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன்.

"சுமதி, உன் சம்பளம் பற்றிப் பேச வேண்டும். ஊரில் நிதானமாக யோசித்து, உனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வா. நீ திரும்புவதற்கு முந்தின வாரம், வெள்ளிக்கிழமை காலை, வீடியோவில் பேசிவிடலாம்."

இவ்வளவுதான். சொல்லிவிட்டு ஃப்ராவ் வெபர் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃப்ராவ் என்றால் நம் ஊர் திருமதி மாதிரி. அங்கே முதலாளியைக்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னமும் நாக்கு கூசுகிறது.

நான் இருப்பது ஜெர்மனியில், வரைபடத்தில் ஒரு விரலை வைத்தால் மறைந்துபோகிற ஊரில். ஒரு சின்னப் பல் லேபில் வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். கேப், பிரிட்ஜ், பல்செட் எல்லாம் நாங்கள் செய்து கொடுப்போம். தொழில் பழகியது தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு லேபில். அங்கே சம்பளம் என்பது முதலாளி சொல்வது. தீபாவளிக்கு முன் உள்ளே கூப்பிடுவார், ஒரு தொகை சொல்வார், "சரி சார், தேங்க்ஸ் சார்" என்போம், வெளியே வந்து டீக்கடையில் நின்று திட்டுவோம். அந்த முறையில் ஒரு சௌகரியம், திட்டுவதற்கு ஆள் இருந்தார். எவ்வளவு வேண்டும் என்று நம்மையே கேட்டுவிட்டால் யாரைத் திட்டுவது?

2

சம்பளம் கூடினால் யாருக்குக் கசக்கும்? ஆனால் இந்த முறை அது ஆசை இல்லை, கழுத்தைப் பிடித்த தேவை.

அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டுக் குடும்பமாக விண்ணப்பித்திருந்தோம். என் கணவர் முரளிக்கு ஒரு கிடங்கில் வேலை. விண்ணப்பம் போட்ட கொஞ்ச நாளில் அவருடைய வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்க்கும் பெண்மணி ரொம்ப மரியாதையானவர். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வயிற்றில் புளியைக் கரைத்தார்.

"உங்கள் இருவர் வருமானம் சேர்ந்தும் கொஞ்சம் குறைகிறது. புதிய சம்பளச் சீட்டு எதுவும் வந்தால் கொண்டு வாருங்கள். வராவிட்டால் நான் நிராகரிக்க வேண்டியிருக்கும். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை."

அவருக்கு மகிழ்ச்சி இல்லையாம். நான் என் பங்குக்கு, பதற்றத்தில், "வாழ்த்துகள்" என்று ஜெர்மனில் சொல்லி வைத்தேன். நன்றி என்று சொல்ல நினைத்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இத்தனை வருஷமாகியும் பயம் வந்தால் என் ஜெர்மன் முதலில் ஓடிப்போய்விடுகிறது.

நிராகரித்தால் உடனே யாரும் துரத்த மாட்டார்கள். இப்போதிருக்கிற மாதிரியே வேலையோடு கட்டிய விசாவில் இருக்கலாம். முரளியின் கிடங்கு மூடி, என் லேபும் ஆட்டம் கண்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்களுக்குப் பரவாயில்லை, தாம்பரத்தில் இறங்கினால் இரண்டு நாளில் பழகிவிடும். யாழினி? பதினாலு வயது. தூக்கத்தில் ஜெர்மனில் உளறுகிறாள். தோசையை முள்கரண்டியால் குத்துகிறாள். தமிழில் தன் பேரை எழுதத் தெரியும், அதுவும் ஓவியம் வரைகிற மாதிரி. அவளைக் கூட்டி வந்து கேம்ப் ரோட்டில் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் உட்கார வைப்பது?

எவ்வளவு குறைகிறது, எவ்வளவு கேட்கப் போனேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்கள் எல்லோரும் ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு என்ன குறைச்சல்" என்பீர்கள். என் அத்தை மகள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள்.

3

முரளிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் யாழினியும் மட்டும் ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்பா வீட்டில் வந்து இறங்கினோம். அம்மா போனதிலிருந்து அப்பா தனியாகத்தான் இருக்கிறார். கிண்டியில் ஒரு பம்ப் கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பளம் ஏற்றிக் கேட்பதைப் பற்றி அவரிடம் கேட்டேன், அனுபவஸ்தர் ஆயிற்றே.

"கேக்கறதா? கேக்கவே கூடாதும்மா," என்றார். "முதலாளி சாயங்காலம் கார் ஏற வருவாரில்ல, அப்ப போய் கார்கிட்ட நிக்கணும். ஒண்ணும் பேசக் கூடாது. ரெண்டு மூணு நாள் நின்னா அவரே 'என்ன ராமமூர்த்தி?'ன்னு கேப்பாரு."

"நீங்க என்னப்பா சொல்வீங்க?"

"'ஒண்ணுமில்ல சார்'னு சொல்லணும். அவருக்குப் புரிஞ்சிடும்."

அப்பா இதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவர் அப்படி நின்று நின்றுதான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார், நான் சிரிக்க முடியாது. ஆனால் ஃப்ராவ் வெபரின் சைக்கிள் பக்கத்தில் இரண்டு நாள் ஒண்ணும் பேசாமல் நின்றால், டயரில் காற்று இல்லையா என்று கேட்பார். இல்லை என்றால் டாக்டரிடம் போகச் சொல்வார்.

சாயங்காலம் தம்பி கார்த்தி வந்தான். நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான், அங்கேயே ஃபிளாட். பையைக்கூடக் கீழே வைக்காமல் தீர்ப்பு சொன்னான்.

"சிம்பிள்க்கா. பேப்பர் போடு."

பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா. கார்த்தி மாதிரி ஆட்களுக்கு அது வேலையை விடுவது இல்லை, சம்பளம் கேட்கும் முறை.

"போட்ட அன்னிக்கே மேனேஜர் காபி குடிக்கக் கூட்டிட்டுப் போவாரு. மறுநாள் ஹெச்.ஆர். கூப்பிட்டு 'உனக்கு என்ன பிரச்சனை, சொல்லு'ம்பாங்க. நோட்டீஸ் பீரியட் முடியறதுக்குள்ள ஏத்திடுவாங்க. நானே ரெண்டு வாட்டி பண்ணியிருக்கேன். மூஞ்சிய மட்டும் சீரியஸா வெச்சிக்கணும்."

என் போனைப் பிடுங்கி ராஜினாமாக் கடிதத்தை அடிக்கவே ஆரம்பித்துவிட்டான். எனக்கு ஸ்டெஃபான் ஞாபகம் வந்தது. எங்கள் லேபில் பல்செட் பிரிவே அவர் தலைமேல் ஓடியது. ஒருநாள் போகிறேன் என்றார். போச்சுடா, ஃப்ராவ் வெபர் இவர் காலில் விழப்போகிறார் என்று நான் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தேன். முதலாளியம்மா கேட்டது ஒரே கேள்வி: "கடைசி நாளுக்கு செர்ரி கேக்கா, ஆப்பிள் கேக்கா?"

"பேப்பர் போட்டா கேக் வெட்டி அனுப்பிச்சிடுவாங்கடா," என்றேன். "அந்த ஊர்ல போறேன்னா போறேன்னுதான் அர்த்தம். வேலை போனா விசா போச்சு."

"என்ன ஊருக்கா அது, ஒரு மரியாதைக்குக்கூட இருன்னு சொல்ல மாட்டாங்களா?" கார்த்திக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்து, "சரி, அப்ப ஆஃபர் லெட்டர். வேற கம்பெனி கூப்பிடுதுன்னு காட்டு. நம்ம பிரபு இருக்கான்ல, அவன் பல் டிசைன் கம்பெனிதானே வெச்சிருக்கான். வியாழக்கிழமை போய் வாங்கிட்டு வரலாம்" என்றான்.

பிரபு கார்த்தியோடு காலேஜில் படித்தவன். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். பொய்க் கடிதம் என்று மனசு இடித்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவ்வளவு பயம்.

4

ஒத்திகைக்கு யாழினி ஃப்ராவ் வெபராக உட்கார்ந்தாள். அவளாக வரவில்லை. என் ஜெர்மனில் இருக்கும் ஓட்டைகளை அடைக்கத்தான் கூப்பிட்டேன். அப்பாவின் சாப்பாட்டு மேசையில் முதுகை நிமிர்த்தி, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "வணக்கம் சுமதி, எவ்வளவு வேண்டும்?" என்று ஜெர்மனில் கேட்டாள். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பெற்ற பெண் கேட்டாலே வேர்க்கிறது.

"மன்னிக்கணும் ஃப்ராவ் வெபர், உங்க நேரத்தை..."

"ஸ்டாப்," என்று தமிழுக்கு வந்தாள். "நீ ஏன் சாரி சொல்ற? நீ ஒண்ணும் உடைக்கலையே."

மறுபடி ஆரம்பித்தேன். தொகையைச் சொன்னேன். அவள் பேசாமல் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், "அவ்வளவு முடியலேன்னா அதில் பாதிகூடப் போதும்" என்றேன்.

"அம்மா! அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லல. நீயே கேட்டு நீயே குறைக்கிற."

"நீ முறைச்சியேடி."

"நான் முறைக்கல. யோசிச்சேன். அங்க எல்லாரும் யோசிப்பாங்க. யோசிச்சா கோபம்னு இல்ல."

எப்போது இவள் அந்த ஊர்க்காரர்களை இவ்வளவு தெரிந்துகொண்டாள் என்று இருந்தது. நான் பயந்து பயந்து பார்க்கும் மனிதர்கள் இவளுக்குப் பக்கத்து வீடு. பெருமையாகவும் இருந்தது, ஏதோ கையிலிருந்து நழுவின மாதிரி வலிக்கவும் செய்தது.

"விசா விஷயத்தைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். "பொண்ணு படிப்பு இருக்கு, இவருக்கு வேலை நேரம் குறைச்சிட்டாங்க, ஆபீஸ்ல சீட்டு கேக்கறாங்கன்னு? அவங்களும் ஒரு பொம்பளதானே."

"வேண்டாம். அது அவங்க வேலை இல்ல. அது பிச்சை மாதிரி."

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ! "பிச்சையா? யாருக்காகடி இதெல்லாம்? எனக்கா? உனக்காகத்தானே இந்த மனுஷி முன்னாடி நான் கை கட்டி நிக்கப் போறேன்!"

யாழினி கட்டியிருந்த முடியை அவிழ்த்துவிட்டாள். "எனக்காகன்னு சொல்லாதம்மா," என்றாள். "எனக்கு வயிறு வலிக்குது. அந்த விசா ஆபீஸ் லேடி லெட்டர் அனுப்பினா, நாம அங்க இருக்க மாட்டோம்தானே? அப்பாவும் நீயும் கிச்சன்ல மெதுவா பேசறீங்க. எனக்குத் தமிழ் புரியும்."

இந்தப் பேச்செல்லாம் அவளுக்குப் புரியாது என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் அவள் காதுபடவே பேசிக்கொண்டிருந்தோம். அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். ஒத்திகை அன்றைக்கு அவ்வளவுதான்.

5

வியாழக்கிழமை கார்த்தியின் பைக்கில் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூர் போனோம். பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே முதல் மாடியில் பிரபுவின் ஆபீஸ்.

"வாங்கக்கா! எத்தனை வருஷம் ஆச்சு!" என்று ஓடி வந்தான் பிரபு. "லெட்டர்தானே, டைப் அடிக்கச் சொல்லிட்டேன். குவாலிட்டி ஹெட்னு போட்டுடறேன், ஓகேவா? அதுக்குள்ள ஆபீஸைச் சுத்திப் பாருங்க."

வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு திரையிலும் ஒரு தாடை மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. பையன்களும் பெண்களுமாகக் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கேப் வரைந்துகொண்டிருந்தார்கள். திவ்யா என்று ஒரு பெண், கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் வருகிறவள், எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவள் திரையைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த வாயை எனக்குத் தெரியும்.

எனக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், வாய் மறக்காது. கீழ்த்தாடை, வலப்பக்கம், ஓரம் உடைந்த பழைய தங்க அடைப்பு, அதற்கு அடுத்த பல் நாக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். பல மாதமாக எங்கள் லேபுக்கு ஒவ்வொரு பல்லாக வந்துகொண்டிருக்கும் வாய் அது.

கொஞ்ச காலமாகவே எங்கள் லேபில் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் பாதி டிசைன்கள் வெளியிலிருந்து தயாராக வந்திருக்கும். "சர்வீஸ்" என்பார் ஃப்ராவ் வெபர். பக்கத்து நாடு எதுவாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். சரியில்லாததைத் திருப்பி அனுப்புவதும், சரியானதை வெட்டி, சுட்டு, நிறம் தீட்டி வாயில் பொருந்த வைப்பதும் என் வேலை. அந்த சர்வீஸ் இதோ பிரியாணி வாசனைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

"இந்த லேபுதான்க்கா செம பேஜாரு," என்றாள் திவ்யா. "டக்கு டக்குனு ரிஜெக்ட் பண்ணிடுவாங்க. யாரோ ஒரு ஜெர்மன் லேடி. ஒண்ணு திரும்பி வந்தா எங்க இன்சென்டிவ்ல கட் ஆவும்."

அந்த ஜெர்மன் லேடி நான்தான். எச்சில் விழுங்கிக்கொண்டு, "இந்த மூலையைக் கொஞ்சம் இறக்கும்மா" என்றேன். "இந்த ஆளுக்கு மெல்லும்போது தாடை ஒரு பக்கமா ஒதுங்கும். இடிக்கும்."

"எப்பிடிக்கா பாத்தவுடனே சொல்றீங்க?"

"பழக்கம்தான்," என்றேன். அவள் இறக்கினாள். நன்றாகவே இறக்கினாள். எனக்கு அந்தக் கை வர எத்தனையோ வருஷம் பிடித்தது.

பிரபு டீ கொண்டுவந்தான். "பசங்கல்லாம் ஹைக் கேக்கறாங்கக்கா. நியாயம்தான், ரெண்டு வருஷமா ஒண்ணும் ஏத்தல. ரேட் ஏத்திக் குடுங்கன்னு கிளையன்ட்டுக்கெல்லாம் மெயில் போட்டிருக்கேன். அவங்க குடுத்தா நான் குடுத்துருவேன்."

கடிதம் அச்சாகி வந்தது. கம்பெனி முத்திரை, கையெழுத்து எல்லாம் ஜோராக இருந்தது. வேண்டாம் பிரபு என்று மேசையிலேயே வைத்துவிட்டேன். எங்கள் லேபுக்கு வேலை செய்கிற கம்பெனியின் பேரில், எங்கள் லேபுக்கே பொய்க் கடிதம் காட்டினால் என் கதை அன்றைக்கே முடிந்தது. இதைக் கார்த்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரபுவுக்குத் தெரிந்துவிடும். "இவ்ளோ தூரம் வந்து வேணாம்னா எப்டிக்கா?" என்று மேடவாக்கம் வரைக்கும் கார்த்தி புலம்பிக்கொண்டு வந்தான்.

எனக்குக் காது கேட்கவில்லை. எந்த வேலைக்காக நான் ஊரை விட்டுப் போனேனோ, அந்த வேலை நான் விட்டுப்போன ஊருக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. திவ்யா இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டால் ஃப்ராவ் வெபருக்கு நான் எதற்கு? நாளைக்குச் சம்பளம் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறாரா, கேக் பற்றியா?

வீட்டுக்கு வந்து யாழினியிடம் மட்டும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தாள். "அந்த அக்கா திரையில செய்யறாங்க. கையில யார் செய்யறது?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். "அப்ப அதைச் சொல்லு," என்றாள். சொல்லிவிட்டுத் தானும் பயந்துபோய், "எனக்குத் தெரியல, அப்படிச் சொல்லலாம்னு நினைக்கிறேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

6

வெள்ளிக்கிழமை. அந்த ஊர்க் காலை நமக்கு மத்தியானம். எல்லாம் யோசித்தேன், நெட் போனால் கார்த்தியின் போன், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். ஆடி மாதம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். தெரு முனைக் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர்.

கார்த்தி மைக்செட்காரரிடம் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, ஒரு அரை மணி நேரம் சவுண்ட் கம்மி பண்ணுங்கண்ணா. எங்க அக்காவுக்கு முக்கியமான கால் வருது, ஃபாரின்லேர்ந்து."

"இன்னா சார், அம்மனுக்குப் பாட்டு போட்டுகினு கீறோம், நிறுத்தச் சொல்ற? வூட்டுக் கதவ சாத்திக்க வேண்டிதான?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, ஆருக்கனா ஒடம்பு சரியில்லியா?"

"இல்லண்ணா. சம்பளம் ஏத்திக் கேக்கணும்."

அவர் சட்டென்று சவுண்டைக் குறைத்தார். "போய்க் கேளும்மா. ஆத்தா குடுப்பா."

முன்னறையில் லேப்டாப். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி ஒரே புழுக்கம். யாழினி கேமராவுக்குத் தெரியாமல் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஃப்ராவ் வெபர் திரையில் வந்தார், கையில் காபி. நலம் விசாரித்தார். நேராகக் கேட்டார்.

"சரி, சுமதி. எவ்வளவு?"

மன்னிக்கணும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாழினி என் கணுக்காலை அழுத்திப் பிடித்தாள். தொகையைச் சொன்னேன். பாதிகூடப் போதும் என்று சொல்லவில்லை. அவர் எதையோ எழுதினார். பேசவில்லை. வெளியே அம்மன் பாட்டு மெலிசாக ஓடிக்கொண்டிருந்தது.

"காரணம்?" என்றார்.

"சர்வீஸிலிருந்து வரும் டிசைன்களில் எது வாயில் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்பது நான். பொருந்த வைப்பதும் நான்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார், எனக்கு அந்த மௌனம் ஆகவில்லை. "அந்த சர்வீஸ் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன். தெரிந்த பையன்தான் நடத்துகிறான்."

யாழினியின் பிடி தளர்ந்தது. ஃப்ராவ் வெபர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அடக் கடவுளே," என்று சிரித்தார். "சென்னை என்று தெரியும். நீ மனம் நோவாய் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். உனக்கு அவர்களைத் தெரியுமா? மொழியும் ஒன்றுதானே? இது எனக்குத் தோன்றவே இல்லையே!" கொஞ்சம் யோசித்தார். "நீ கேட்ட தொகையைத் தருகிறேன். இந்த மாதச் சீட்டிலேயே வரும். ஆனால் சர்வீஸை இனிமேல் நீ பார்த்துக்கொள்ள வேண்டும்."

நன்றி என்றேன். இந்த முறை சரியான சொல் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"முதல் வேலை ஒன்று இருக்கிறது," என்றார். "விலையை ஏற்றச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். வேறு நாட்டிலிருந்து இன்னும் மலிவாகச் செய்கிறேன் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு மாற விருப்பமில்லை. பழைய விலையிலேயே இருக்கச் சொல். எனக்கு அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாது. உனக்குத் தெரியும். உன் உயர்வும் எங்கிருந்தாவது வர வேண்டும், இல்லையா?"

குத்தலாகச் சொல்லவில்லை. வெள்ளையாக, உள்ளபடி சொன்னார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வேன் என்று நினைக்கிறீர்கள்?

அழைப்பு முடிந்ததும் கார்த்தி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத் தூக்காத குறை. அப்பா முரளிக்குப் போன் போடச் சொன்னார். முரளி அந்தப் பக்கம் பேச்சே வராமல் "அப்பாடா, அப்பாடா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். மைக்செட்காரர் வாசலில் நின்று, "கெட்ச்சிதாம்மா?" என்று கேட்டார். கிடைத்தது என்று தலையாட்டினேன். சவுண்டை முழுதாக ஏற்றிவிட்டார், தெருவே அதிர்ந்தது.

யாழினி மட்டும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. பேசினது முழுக்க அவளுக்குப் புரிந்திருந்தது. "நாம அங்கயே இருக்கலாமா?" என்றாள். இருக்கலாம் என்றேன். என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

7

ஞாயிற்றுக்கிழமை பிரபு வந்தான். இனிமேல் எல்லாவற்றுக்கும் சுமதியைத் தொடர்புகொள்ளவும் என்று ஃப்ராவ் வெபர் அவனுக்கு மெயில் அனுப்பியிருக்கிறார். இஸ்திரி போட்ட சட்டையை இன் பண்ணி, ஷூ போட்டிருந்தான். எங்கள் வீட்டுக்கு அவன் ஷூ போட்டு வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"வணக்கம் மேடம்."

"டேய், என்னடா மேடம்? அக்கான்னு கூப்பிடு."

"இல்ல மேடம், இருக்கட்டும்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "எங்க ரிஜெக்ட் எல்லாம் நீங்கதான் பாக்கறீங்கன்னு தெரியாம, திவ்யா அன்னிக்கு ஏதேதோ பேசிட்டா. அவ ரொம்ப பயந்துட்டு இருக்கா. மனசுல வெச்சிக்காதீங்க."

"சீச்சீ, நல்லா வேலை செய்யற பொண்ணு அவ."

"தேங்க்ஸ் மேடம்." கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்த ரேட் விஷயம்... பசங்ககிட்ட தீபாவளிக்குள்ள ஏதாவது பண்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்களா பாத்து செய்ங்க."

அப்பா காபியோடு வந்து, இருந்த சூழ்நிலையைப் பார்த்து, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஃப்ராவ் வெபரிடம் பேசியதைவிட இது கஷ்டமாக இருந்தது. அவரிடம் அந்நிய மொழியின் பின்னால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளவாவது முடிந்தது.

"இந்த வருஷம் ஏத்த முடியாது பிரபு," என்றேன். "வேற நாட்டுக்காரங்க கம்மியா கேக்கறாங்களாம். எங்க முதலாளியம்மா மாத்தறதுக்குள்ள, பழைய ரேட்லயே இருக்கறேன்னு ஒரு மெயில் போட்டுடு. அடுத்த வருஷம் நானே பேசறேன்."

என் குரல் அவ்வளவு இதமாக வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. பிரபு தலையை ஆட்டினான், ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"பரவால்ல மேடம். வேலைய மாத்தாம இருந்தாலே போதும். ரொம்ப தேங்க்ஸ்."

எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டான். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "மாசம் எவ்வளவுடா எதிர்பார்த்த?"

மொத்தத்துக்கும் சேர்த்துச் சொன்னான், ஆபீசில் இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து. அது எனக்கு ஏறினதைவிடக் குறைவு.

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பி, திரும்பிப் பார்த்து, "வரேங்க மேடம்" என்று கையைத் தூக்கினான். உள்ளே யாழினி கதவோரமாக நின்று, முழுவதையும் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.